வேல்ஸில் ஏரிக்கரை காட்டேஜ், ட்ரவுட் மீன்பிடிப்பு: அப்பாவைக் கூட்டிப்போகலாமா?

தாமிரபரணி77

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். வயது 70. ரெடிங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பார்க்குக்குப் போகிறார், வருகிறார், டிவி பார்க்கிறார், மறுபடி பார்க்குக்குப் போகிறார். லண்டன் சுற்றிக் காட்டியாகிவிட்டது, அரண்மனை வாசலில் நின்று போட்டோ எடுத்தாகிவிட்டது, எதிலும் பெரிதாக மனம் ஒட்டவில்லை. போன ஞாயிறு தேம்ஸ் கரையில் நடந்துகொண்டிருந்தபோது ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா அவர் பின்னால் போய் நின்றவர்தான், முக்கால் மணி நேரம் நகரவில்லை. அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, இவர் கேட்டதும் அந்தத் தூண்டில்காரர் சொன்னதும் எனக்குத் தெரியாது, ஆனால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். குளத்தில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் அப்பா சாயங்காலம் வீட்டில் இருந்ததே கிடையாது. மூங்கில் கம்பு, மயிலிறகுத் தண்டை வெட்டிக் கட்டிய தக்கை, சிரட்டையில் ஈரமண்ணோடு மண்புழு. கெண்டை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். அந்த மனிதரைத்தான் நான் இங்கே சோபாவில் உட்கார வைத்திருக்கிறேன்.

மே கடைசியில் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் லீவு. வேல்ஸில் பாலா பக்கம் ஒரு காட்டேஜ் பார்த்து வைத்திருக்கிறோம். பழைய கல்வீடு, இரண்டு பெட்ரூம், வீட்டுக்கு முன்னாலேயே அவர்களுடைய சொந்த ஏரி, ‘தங்குபவர்களுக்கு ட்ரவுட் மீன்பிடிப்பு உண்டு’ என்று போட்டிருக்கிறது. படத்தில் ஒரு மரப் படகும் இருக்கிறது. இன்னும் பணம் கட்டவில்லை.

தனியார் ஏரிதானே, அதற்கும் லைசன்ஸ் எடுக்க வேண்டுமா? அப்பா விசிட்டர் விசாவில் வந்தவர், அவருக்குக் கொடுப்பார்களா? மகனுக்கு 14, மகளுக்கு 8, அவர்களுக்கு எப்படி? மண்புழு போட்டுப் பிடிக்கலாமா, இல்லை படத்தில் வருகிற மாதிரி சாட்டையைச் சுழற்றுவது போல வீச வேண்டுமா? பிடித்ததைச் சமைக்கலாமா? அப்புறம் இது என் மனைவியின் கேள்வி: அந்த வீட்டில் மீன் குழம்பு வைத்தால் வீட்டுக்காரர் நம்மை என்ன செய்வார்?

ஈத்தூண்டில்

தம்பி, நான் பதினாறு வருடமாக இங்கே ட்ரவுட் பிடிக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் லைசன்ஸ். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏரி, குளம், ஆறு எதுவானாலும், அது உங்கள் வீட்டுத் தோட்டத்துக் குளமே ஆனாலும், ட்ரவுட்டோ மற்ற நன்னீர் மீனோ பிடிக்க 13 வயது ஆனவர்களுக்கு ராட் லைசன்ஸ் கட்டாயம். காட்டேஜ்காரர் ‘எங்கள் ஏரிக்கு வேண்டாம்’ என்று சொன்னால் நம்பாதீர்கள், சிலர் தெரியாமலே சொல்வார்கள். இல்லாமல் மாட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம் போடலாம். அரசாங்க இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை. ஒரு நாள், எட்டு நாள், ஒரு வருடம் என்று மூன்று வகை. உங்கள் வாரத்துக்கு எட்டு நாள் சரியாகப் பொருந்தும். விசிட்டரா, குடியிருப்பவரா என்பதெல்லாம் பிரச்சினை இல்லை. 66 வயது தாண்டியவர்களுக்கு வருட லைசன்ஸில் கட்டணச் சலுகை உண்டு, எட்டு நாளுக்கு அது கிடையாது. மகனுக்கு 14 என்றால் இலவசம்தான், ஆனாலும் பதிவு செய்து எடுத்தாக வேண்டும். மகளுக்குத் தேவையில்லை. நீங்களும் அப்பாவும் ஒரே தூண்டிலை மாற்றி மாற்றிப் பிடித்தால்கூட இருவருக்கும் தனித்தனியாக வேண்டும்.

லைசன்ஸ் என்பது அரசாங்கத்துக்கு. தண்ணீருக்குச் சொந்தக்காரரின் அனுமதி அதற்கு மேல் தனி. ஸ்காட்லாந்து போனால் அங்கே பெரும்பாலும் இந்த லைசன்ஸ் கிடையாது, அனுமதிச் சீட்டு மட்டும்தான், அது வேறு கதை.

இப்போது முக்கியமான விஷயம். ‘ட்ரவுட் மீன்பிடிப்பு உண்டு’ என்ற ஒரு வரிக்குள் பத்து விதமான ஏரிகள் ஒளிந்திருக்கும். பணம் கட்டும் முன் போன் போட்டுக் கேளுங்கள், மெயில் அனுப்பினால் அழகாகச் சுற்றி வளைத்துப் பதில் வரும். ஏரி உங்களுடையதா, மீன்பிடி உரிமை உங்களிடம்தான் இருக்கிறதா? இந்த வருடம் மீன் விட்டீர்களா, என்ன மீன், எப்போது? ஃப்ளை, அதாவது முள்ளில் கட்டிய பொய்ப் பூச்சி மட்டும்தானா, புழு போடலாமா? பிடித்ததை எடுத்துக்கொள்ளலாமா, வாரத்துக்கு எத்தனை? எடை போட்டுக் காசு வாங்குவார்களா? படகு ஓடுகிற படகா, படத்துக்குக் கட்டி வைத்த படகா? லைஃப் ஜாக்கெட் பிள்ளைகள் அளவில் இருக்கிறதா?

ரெயின்போ ட்ரவுட் இந்த ஊர் மீன் இல்லை, அமெரிக்காவின் மேற்குக் கரைப் பக்கத்துக்காரன். சின்ன ஏரிகளில் இருப்பது பெரும்பாலும் பண்ணையில் வளர்த்து விட்ட ரெயின்போ. உள்ளூர்க்காரன் ப்ரவுன் ட்ரவுட். அவன் மெதுவாக வளர்வான், விவரமானவன், பல இடங்களில் பிடித்தால் திரும்ப விடச் சொல்வார்கள். ரெயின்போ ஏரியில் ‘இரண்டு மீன் எடுத்துக்கொள், அத்தோடு சரி’ என்கிற மாதிரி கணக்கு இருக்கும். இரண்டு பிடித்ததும் தூண்டிலை மடக்க வேண்டும், அல்லது அங்கே அனுமதி இருந்தால் மேற்கொண்டு பிடிப்பதை விட்டுவிட வேண்டும்.

புழு விஷயத்தில் உங்கள் அப்பாவுக்கு ஏமாற்றம் வரலாம். வேல்ஸில் நல்ல ட்ரவுட் தண்ணீர் நிறைய ஃப்ளை மட்டும்தான். எல்லா முறைக்கும் அனுமதி உள்ள ஏரிகளும் உண்டு, ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். எங்கே போட்டாலும் பெரும்பாலும் முள்ளில் எதிர்க்கொக்கி, அதாவது மீன் நழுவாமல் பிடிக்கிற பின்கூர், இருக்கக் கூடாது என்பார்கள். கடையில் வாங்கிய முள் என்றால் குறட்டால் நசுக்கிவிட்டால் போதும்.

பாலா ஊரை ஒட்டியே பெரிய ஏரி, லின் டெகிட். வேல்ஸின் மிகப் பெரிய இயற்கை ஏரி அதுதான். அங்கே போட வேண்டுமென்றால் தனிச் சீட்டு. க்வினியாட் என்று ஒரு வெள்ளி மீன் உலகத்திலேயே இயற்கையாக அந்த ஒரு ஏரியில்தான் இருக்கிறது, பனியுகம் முடிந்தபோது அங்கேயே சிக்கிக்கொண்ட இனம். சட்டப் பாதுகாப்பு உள்ளது, தப்பித்தவறி மாட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். ‘லின்’ என்றால் ஏரி. நான் எழுதியிருக்கிற மாதிரி உச்சரித்தால் அந்த ஊர்க்காரர் சிரிப்பார், நாக்கை மேலே ஒட்டிப் பக்கவாட்டில் காற்றை விட வேண்டும். ழகரம் சொல்லி வளர்ந்த நமக்கே அது வரவில்லை.

சும்மா_சொன்னேன்

லைசன்ஸ், அனுமதி, ஃப்ளை, எதிர்க்கொக்கி, எடைக்குக் காசு. டெஸ்கோவில் ட்ரவுட் சுத்தம் செய்தே கிடைக்கிறது அண்ணே.

குசினிக்கிளி

மேலே எழுதிய தம்பிக்கு டெஸ்கோ மீன் போதும் போல. விடுங்கோ.

நாங்கள் ஹரோவில் இருந்து வருசத்துக்கு ஒரு தடவையாவது இப்படியான காட்டேஜ்களுக்குப் போறனாங்கள், இரண்டு குடும்பம் சேர்ந்து. சமையல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் ஒன்றும் செய்ய மாட்டார், ஆனால் வீடு செய்யும். அந்தப் பழைய கல்வீடுகளில் குசினியும் இருக்கிற அறையும் ஒன்றாகத்தான் இருக்கும், தடித்த திரைச்சீலை, துணி சோபா, கம்பளம், எல்லாம் மணத்தைக் குடிச்சு வைச்சிருக்கும். புகை போக்கி என்று ஒன்று அடுப்புக்கு மேலே இருக்கும், அது சத்தம் மட்டும்தான் போடும். முதல் வருசம் நான் காய்ந்த மிளகாய் தாளிச்ச உடனே புகை அலாரம் அடிச்சு, பக்கத்துப் பண்ணையில் இருந்து ஒரு கிழவர் ஓடி வந்தவர், பாவம். இப்ப நாங்கள் சின்னக் காஸ் அடுப்பு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் தாளிதம், பொரியல் இரண்டையும் வெளியே வைத்துச் செய்வோம். வெளியே வைக்கலாமா என்று முதலே கேட்டு வையுங்கோ. மிளகாய்த்தூள் எல்லாம் வீட்டிலேயே வறுத்து, கூட்டி, போத்தலில் அடைத்துக் கொண்டுபோங்கோ. பழப்புளியும் கறிவேப்பிலையும் மறக்க வேண்டாம், பாலாவில் கிடைக்காது. எண்ணெயைச் சிங்கில் ஊற்ற வேண்டாம், நாட்டுப்புற வீடுகளில் கழிவு பெரும்பாலும் நிலத்துக்குக் கீழே இருக்கிற தொட்டிக்குத்தான் போகும், அடைத்தால் உங்கள் தலையில்தான் வரும்.

மீன். ட்ரவுட்டுக்குச் செதில் இருக்கிறதே தெரியாது, அவ்வளவு சின்னன். சுரண்டத் தேவையில்லை. ஆனால் தோலில் வழுவழு என்று ஒரு பசை இருக்கும், கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவினால் போகும். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்த பிறகு முள்ளந்தண்டை ஒட்டி உள்ளுக்குக் கறுத்த சிவப்பில் ஒரு கோடு தெரியும். கட்டி இரத்தம் மாதிரி. தேக்கரண்டியின் நுனியால் வாலில் இருந்து தலைப்பக்கம் ஒரு இழுவை, அப்படியே சுருண்டு வரும். அதை விட்டுவிட்டால் கறி கசக்கும். சில ஏரி மீனில் சேற்று மணம் இருக்கும், அதற்குப் புளி நல்லது. தேசிக்காய்ப் புளியும் மஞ்சளும் பூசிக் கால் மணித்தியாலம் வைத்தாலும் சரி.

குழம்பு வைக்கிறதென்றால் பாரை என்று நினைத்துக் கொதிக்க விட வேண்டாம். இது மெத்தென்ற மீன், கரைந்துவிடும். வெந்தயம், வெங்காயம், உள்ளி வதக்கி, தூள் போட்டு, புளி விட்டுக் குழம்பு நன்றாகக் கொதித்துத் தடிச்ச பிறகு கடைசியாகத் துண்டுகளைப் போட்டு ஆறேழு நிமிடம். அகப்பையை வைக்கவே கூடாது, சட்டியைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் போதும். நுள்ளி எடுக்க வேண்டிய சின்ன முள் நிறைய இருக்கும், எட்டு வயசுப் பிள்ளைக்குப் பார்த்துக் கொடுங்கோ.

குடலை ஏரிக்குள் எறிய வேண்டாம். பையில் கட்டிக் குப்பைக்குப் போடுங்கோ. வெளியே வைத்தால் இரவு நரி வந்து முற்றம் முழுக்க இழுத்துப் போடும், அனுபவம்.

தாமிரபரணி77

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் கோடி நன்றி. இன்று மதியம் போன் போட்டேன். ஏரி அவர்களுடையதுதான். மீன் ஏப்ரலில் விட்டார்களாம், ரெயின்போ. ஃப்ளை மட்டும்தான். குடும்பத்துக்கு நாளுக்கு இரண்டு மீன் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் பிடிப்பதை விட வேண்டும். படகு ஓடும், ஆனால் காற்று அடித்தால் தர மாட்டார்களாம்.

அப்பாவிடம் புழு கிடையாது என்று சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. ‘பின்ன எதை வச்சுப் பிடிக்கது?’ என்றார். இறகாலும் நூலாலும் செய்த பொய்ப் பூச்சி என்றேன். ‘மீன ஏமாத்தியா?’ என்று கேட்டார். மண்புழுவுக்குள் முள்ளைச் செருகி வைப்பது மட்டும் என்னவாம் என்று கேட்க வந்தது, கேட்கவில்லை.

ட்ரவுட்டை விட்டுவிட்டு, புழுவும் மாவு உருண்டையும் போடுகிற கெண்டைக் குளம் உள்ள காட்டேஜாகப் பார்க்கலாமா?

சேலம்_டு_செஸ்டர்

கெண்டைக் குளம் என்றால் அப்பாவுக்குப் பழகிய விதத்தில் பிடிக்கலாம்தான், அந்த மயிலிறகுத் தண்டுத் தக்கையை இங்கேயும் பழைய ஆட்கள் பயன்படுத்துவார்கள். ஆனால் அங்கே ஒரு மீனைக்கூடத் தூக்கிக்கொண்டு வர முடியாது. பிடித்து, ஈரப் பாயில் கிடத்தி, முள்ளை எடுத்து, முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்ப விடுவார்கள். என் மாமனாரைக் கூட்டிப்போனேன். நான்கு கிலோ கெண்டையைத் தண்ணீரில் விடச் சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. உங்கள் அப்பாவுக்குக் குழம்பு முக்கியம் என்றால் ட்ரவுட்தான்.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் முன்னால் ஆகஸ்டில் ஒரு காட்டேஜ் எடுத்தோம், எந்த ஊர் என்று சொல்லவில்லை. விளம்பரத்தில் ‘ட்ரவுட் ஏரிக்கரையில்’ என்று இருந்தது. போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கரை மட்டும்தான் அவர்களுடையது, மீன்பிடி உரிமை ஏதோ ஒரு கிளப்புக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறது. ஜன்னல் வழியாக மீன் துள்ளுவதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். பொய் ஒன்றும் எழுதவில்லை பாருங்கள், ‘ட்ரவுட் ஏரிக்கரையில்’தான் இருந்தோம்!

சரி என்று பக்கத்தில் காசு கட்டிப் பிடிக்கிற இன்னொரு ஏரிக்குப் போனால் அவர் கதவைப் பூட்டி வைத்திருந்தார். தண்ணீர் சூடாகிவிட்டதாம். நான் முதலில் சாக்கு சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிக் காட்டினார், 22 டிகிரி. நமக்கு அது பச்சைத் தண்ணீர், ட்ரவுட்டுக்கு அது காய்ச்சல். 20 தாண்டினாலே இரை எடுப்பதை நிறுத்திவிட்டு ஆழத்துக்குப் போய்விடும், சூட்டுத் தண்ணீரில் பிராண வாயுவும் குறைவு, அந்த நேரத்தில் பிடித்து விட்டால் நீந்திப் போகிற மாதிரி போய் அப்புறம் செத்து மிதக்கும். ஆகவே மே கடைசி என்பது நல்ல நேரம். ஜூலை, ஆகஸ்டை ட்ரவுட்டுக்காக யாரும் எடுக்காதீர்கள், வாடகையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

இன்னொன்று. பாலா தாண்டினதும் போன் சிக்னலை நம்பாதீர்கள். போஸ்ட்கோடு போட்டால் வண்டி யாரோ ஒருவருடைய ஆட்டுப்பட்டியில் போய் நிற்கும். வழியை வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கி பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றையடி ரோட்டில் எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் எடுக்க வேண்டியது நீங்கள்தான்.

குன்னூர்க்_குளிர்

ட்ரவுட் என்றதும் உள்ளே வந்தேன். எங்கள் நீலகிரியிலும் இந்த மீன் உண்டு என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 1860களில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் கொண்டுவந்து விட முயன்று தோற்றார். அப்புறம் வில்சன் என்பவர் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் நிலைத்தது. ஆக, குழம்பு வைப்பதற்காகக் கொண்டுவந்த மீன் இல்லை இது, வெள்ளைக்கார துரைமார்கள் பொழுதுபோக்குக்காகக் கப்பலேற்றிய மீன். என் தாத்தா அவர்களுக்குப் பெட்டி தூக்கியவர். அவர் சொல்வார், துரை நாள் முழுக்க வீசுவான், ஒன்றும் கிடைக்காது, சாயங்காலம் சிரித்துக்கொண்டே திரும்புவான், இவனுக்குப் பைத்தியமா என்று தோன்றும் என்று. அப்பாவைக் கூட்டிப்போங்கள். நம் ஆளும் ஒருநாள் துரை மாதிரி வீசட்டுமே.

ஈத்தூண்டில்

குன்னூர்க்காரர் சொன்னதுதான் சரி, கூட்டிப்போங்கள். வீசுவது எப்படி என்று அப்பாவுக்கு எப்படிச் சொல்லலாம் என யோசித்தேன்.

அவர் பழகியதில் எடை தூண்டிலின் நுனியில் இருக்கிறது. புழு, ஈயக்குண்டு, தக்கை. கம்பை ஆட்டினால் நுனி போய் விழும், நரம்பு அதன் பின்னால் போகும். ஃப்ளைக்கு எடையே கிடையாது, ஊதினால் பறக்கும். இங்கே எடை நூலில் இருக்கிறது. கயிறு மாதிரித் தடித்த நூல், அதை எறிகிறோம், ஃப்ளை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் பாதி முடிந்தது. மீதிப் பாதி பொறுமை: கம்பைப் பின்னால் எடுத்ததும் நூல் முதுகுக்குப் பின்னே முழுவதும் விரிகிற வரை நிற்க வேண்டும். எல்லாரும் அவசரப்படுவது அங்கேதான். அவசரப்பட்டால் சொடக்கு மாதிரி ஒரு சத்தம் வரும், வந்தால் ஃப்ளை போய்விட்டது என்று அர்த்தம்.

பின்னால் இடமில்லை, புதர் இருக்கிறது என்றால் நூலைத் தண்ணீரிலேயே இழுத்து, கம்பைக் காதருகே கொண்டுவந்து, முன்னால் ஒரு தட்டு. வளையமாக உருண்டு போய் விரியும். ரோல் காஸ்ட் என்பார்கள். எழுபது வயது தோளுக்கு அதுதான் நல்லது. எல்லாரும் தொப்பியும் கண்ணாடியும் போட்டே ஆக வேண்டும், கண்ணில் முள் ஏறுவது விளையாட்டு இல்லை. காற்று முதுகில் அடிக்கிற கரையில் நில்லுங்கள்.

ஒன்பது பத்தடிக் கம்பு, மிதக்கிற நூல் போதும். ஃப்ளை நூறு வகை இருக்கும், மயங்காதீர்கள். மே மாதத்துக்குக் கறுப்பு பஸ்ஸர் நான்கு, டயால் பாக் நான்கு. டயால் பாக் என்றால் வேல்ஸ் மொழியில் குட்டிச் சாத்தான். அதை வீசிவிட்டு நூலை விரலில் எட்டு போடுகிற மாதிரி மெதுவாகச் சுருட்டிக்கொண்டே வாருங்கள், ஆமை வேகம், அதற்கும் மெதுவாக.

கடைசியாக, ப்ரீஸ்ட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பாதிரியார்தான். கடைசிச் சடங்கு செய்து வைப்பதால் அந்தப் பெயர். சாண் நீளக் குட்டித் தடி, எடுத்துக்கொள்ளப் போகிற மீனை வலையில் வைத்தே தலையில் ஒரு தட்டு. வாளியில் போட்டுத் துடிக்க விடுவது இங்கே ஆகாது.

தாமிரபரணி77

போய் வந்துவிட்டோம். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஃப்ளை டப்பாவைத் திறந்து காட்டியதும் அப்பா சொன்னது: ‘கம்மல் கடை மாதிரி இருக்கு.’ முதல் நாள் முழுக்க மழை. இரண்டாம் நாள் நானும் அப்பாவும் சேர்ந்து பதினோரு ஃப்ளை தொலைத்தோம், ஏழு கரையோரத்து மஞ்சள் பூ முள்புதரில், ஒன்று என் தொப்பியில், மூன்று எங்கே என்றே தெரியவில்லை. அண்ணன் சொன்ன அந்தச் சொடக்குச் சத்தம் எனக்கு நன்றாகவே வருகிறது. மகன் சிக்னல் இல்லாத கடுப்பில் கரைக்கு வந்தவன், எங்கள் இரண்டு பேரையும் விட நன்றாக வீசினான். சாயங்காலம் சின்னதாக ஒன்று மாட்டியது, அவனே விட்டுவிட்டான். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் நாள் இரவு எட்டரை இருக்கும், இன்னும் வெளிச்சம். காற்று நின்றுவிட்டது. ஏரி கண்ணாடி மாதிரி. நான் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா என் கையைப் பிடித்து ‘பேசாதல, மேல வருது’ என்றார். பார்த்தால் தூற்றல் விழுவது போல அங்கங்கே வளையம். மழை இல்லை. அவர் வீசவே இல்லை, ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டே நின்றார். வளையம் ஒன்றன் பின் ஒன்றாக இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் வருவது எனக்கு அவர் காட்டிய பிறகுதான் தெரிந்தது, ஒரே மீன் மேய்ந்துகொண்டு வருகிறது. அது வந்து சேரும் என்று அவர் நினைத்த இடத்துக்கு இரண்டு பாகம் முன்னால், அந்த ரோல் காஸ்டை, அழகெல்லாம் இல்லை, தொப்பென்றுதான் போட்டார். குட்டிச் சாத்தான். விரலில் எட்டு. நூல் ஒரு விரற்கடை இழுபட்டதை நான் பார்த்தேன், அதற்குள் கம்பு வளைந்துவிட்டது.

ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பக்கவாட்டில் இளஞ்சிவப்பாக ஒரு பட்டை. பாதிரியாரை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு ‘ஒரே அடியா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் மீனைப் பார்த்துவிட்டு, ‘இது தேவல. நம்மூர்ல வாளில கெடந்து அரை மணி நேரம் துடிக்கும்’ என்றார்.

குசினிக்கிளி அக்கா, கரண்டி நுனியால் இழுத்த இழுப்பில் அந்தக் கோடு அப்படியே சுருண்டு வந்தது. தாளிப்பு வெளியே, குழம்பு உள்ளே, அலாரம் அடிக்கவில்லை. மகள் முள்ளுக்குப் பயந்து பாஸ்தா சாப்பிட்டாள். அப்பா கடைசிச் சோற்றைச் சட்டியிலேயே போட்டுப் பிசைந்தார், நான் ஊரில் சின்னப் பையனாகப் பார்த்த பிறகு இப்போதுதான் அதைப் பார்க்கிறேன்.

ஐந்தாம் நாள் லின் ப்ரெனிக் போனோம், காரில் அரைமணி நேரம்தான். அங்கே ஆஸ்ப்ரே என்ற பறவை கூடு கட்டியிருக்கிறது என்று டெலஸ்கோப் வைத்துக் காட்டுகிறார்கள். வரிசையில் நின்று அப்பாவைப் பார்க்கச் சொன்னேன். கண்ணை வைத்தவர் உடனே திரும்பி, ‘விராலடிப்பாம்ல இது! இதுக்கா டெலஸ்கோப்பு? கார்த்திகை மார்கழில நம்ம குளத்துப் பனையில உக்காந்திருக்குமே’ என்றார், அங்கிருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில்.

குன்னூர்க்_குளிர்

அப்பா சொன்னது அதே பறவைதான், விராலடிப்பான். ஆனால் பிரிட்டனில் பொரிக்கிறவை குளிர்காலத்துக்கு மேற்கு ஆப்பிரிக்கா போகும். உங்கள் குளத்துப் பனைக்கு வருவது வடக்கே ஆசியா பக்கத்திலிருந்து.

தாமிரபரணி77

அப்பாவிடம் சொன்னேன். ‘அப்ப நம்மூருக்கு வாரது வேற வீட்டுப் பிள்ளைகளா’ என்றார். அது போகட்டும். அவருக்கு டிக்கெட் செப்டம்பர் கடைசியில்தான். எட்டு நாள் லைசன்ஸ் முடிந்துவிட்டது, ரெடிங் பக்கத்தில் ஏரி பார்க்கச் சொல்லி நச்சரிக்கிறார். ஈத்தூண்டில் அண்ணா, வருட லைசன்ஸில் மூத்தவர்களுக்குச் சலுகை என்றீர்களே, அது பணம் கட்டுகிற பக்கத்தில் தானாகவே கழியுமா, நாம் ஏதாவது தட்ட வேண்டுமா?